‘பார்த்த வரைக்கும்’ எங்கே போச்சு?

போன வாரம் ஹாஸ்டல் சாம்பாரைக் கலாய்ச்சு எழுதினதுக்கு எங்க மெஸ் மாஸ்டர் ரெண்டு நாள் எனக்கு அப்பளம் வைக்கலை. அதனால இந்த வாரம் யாரையும் வம்புக்கு இழுக்கறதா இல்லை. என்னையே இழுத்துக்கறேன்.

மேட்டர் ஒரு மெயில். மொத்தமே எட்டு வார்த்தை. ‘ஆல் டென் போர்ட்ஸ் ஆர் டெஸ்டட் அண்ட் வொர்க்கிங் ஃபைன்.’ கிராமர் தப்பு கிடையாது, ஸ்பெல்லிங் தப்பு கிடையாது. எங்க எட்டாங்கிளாஸ் இங்கிலீஷ் மிஸ் பார்த்திருந்தா ‘குட்’ போட்டிருப்பாங்க. ஆனா அந்த எட்டு வார்த்தை ஒரு விவசாயியோட மோட்டாரை எரிச்சிருச்சு.

போன மே மாசம் கோயமுத்தூர்ல ஒரு சின்னப் பட்டறையில எனக்கு இன்-பிளான்ட் டிரெய்னிங். கிணத்து மோட்டாருக்கு கன்ட்ரோலர் போர்டு செய்யற இடம். கிணத்துல தண்ணி இருந்தா மோட்டாரைப் போடும், தண்ணி இறங்கிட்டா தானா நிறுத்தும். ஓனர் அண்ணன், ரெண்டு அக்காக்கள், ஒரு சால்டரிங் அயர்ன், ஒரு எஃப்.எம். ரேடியோ... இதுதான் மொத்த கம்பெனி. ஆறாவது ஐட்டமா நான் போய்ச் சேர்ந்தேன்.

ஆந்திராவுல ஒரு டீலர் பத்து போர்டு கேட்டிருந்தார். அவருக்குத் தமிழ் வராது, அண்ணனுக்குத் தெலுங்கு வராது. நடுவுல இங்கிலீஷ். “அம்மிணி, நீ இன்ஜினீயரிங் படிக்கிற புள்ளதான? மெயிலெல்லாம் நீயே போட்டுரு”ன்னு அண்ணன் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியலை.

பத்து போர்டையும் டேபிள்ல வரிசையா வெச்சேன். மோட்டாருக்குப் பதிலா நூறு வாட் குண்டு பல்பு. பிளக்கைச் சொருகினா ரிலே ‘டக்’குனு சத்தம் போடும், பல்பு எரியும். சென்சார் வயரைத் தண்ணி டம்ளர்ல இருந்து வெளிய எடுத்தா பல்பு அணையும். ஒரு போர்டுக்குப் பத்து நிமிஷம். “என்னாச்சு அம்மிணி?”ன்னு அண்ணன் கேட்டார். “பத்தும் ஓகேங்கண்ணா. இங்க டேபிள்ல பல்பு போட்டுப் பார்த்த வரைக்கும் நல்லா ஓடுதுங்க”ன்னேன். அவர் தலையாட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டார். நான் மெயிலைத் தட்டினேன். அதே எட்டு வார்த்தை.

மூணு வாரம் கழிச்சு டீலர்கிட்ட இருந்து போன். ஒரு தோட்டத்துல மோட்டார் காயில் போயிருச்சு.

நடந்தது இதுதான். அந்த ஊர்ல வோல்டேஜ் ரொம்ப இறங்கும். மோட்டார் கிளம்பற அந்த ஒரு செகண்ட்ல, சாதாரணமா ஓடும்போது இழுக்கிற கரன்ட்டை விட அஞ்சாறு மடங்கு இழுக்கும். ஏற்கெனவே இறங்கிக் கிடக்கிற வோல்டேஜ் இன்னும் படுத்துரும். உடனே நம்ம போர்டுல இருக்கிற சிப்பு மயங்கி ரீசெட் ஆகும். ரிலே விடும். லோடு போனதும் வோல்டேஜ் ஏறும். சிப்பு முழிச்சு மறுபடி ரிலேயைப் போடும். டக் டக் டக் டக்... இப்படியே துடிச்சுத் துடிச்சு ரிலேயோட ரெண்டு கான்டாக்ட்டும் உருகி ஒட்டிக்கிச்சு. அதுக்கப்புறம் போர்டு ‘நிறுத்து’ன்னு சொன்னாலும் மோட்டார் நிக்காது. ராத்திரி கிணத்துல தண்ணி தீர்ந்தும் அது பாட்டுக்கு வெறுமனே ஓடி, விடியறதுக்குள்ள காயில் கருகிருச்சு.

குண்டு பல்பு மோட்டார் மாதிரி வோல்டேஜைப் படுக்க வைக்காது பாஸ். அதை வெச்சு ஒரு வருஷம் டெஸ்ட் பண்ணியிருந்தாலும் இந்தக் கோளாறு கண்ணுல பட்டிருக்காது.

ரீவைண்டிங் செலவு, ஆள் போக வர பஸ் செலவு எல்லாம் அண்ணன் கையை விட்டுப் போச்சு. அந்தத் தோட்டத்துக்கு நாலு நாள் தண்ணி பாயலை. வெயில் இன்னும் இறங்காத ஜூன் மாசம், நட்டது தக்காளி நாத்து. இதுக்கு மேல அந்த விவசாயியைப் பத்தி நான் கேட்கலை. கேட்க தைரியம் வரலைங்கறதுதான் நிஜம்.

அண்ணன் திட்டுவார்னு நெனச்சேன். திட்டலை (அதுதான் இன்னும் கொடுமை). மெயிலைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு வார்த்தை மேலயும் விரலை வெச்சுப் படிச்சார்.

“அம்மிணி, அன்னிக்கு எங்கிட்ட என்ன சொன்னே?”

“டேபிள்ல பல்பு போட்டுப் பார்த்த வரைக்கும் ஓடுதுன்னு சொன்னேனுங்க.”

“இதுல டேபிளைக் காணோம், பல்பைக் காணோம். அந்தப் ‘பார்த்த வரைக்கும்’ எங்க போச்சு?”

எனக்குப் பதில் தெரியலை. தமிழ்ல என் வாயில தானா வந்த அஞ்சு வார்த்தை, இங்கிலீஷ்ல காணாமப் போயிருந்துச்சு. நான் பொய் சொல்லலை. ஆனா டீலர் படிச்சது நான் சொல்லாத ஒரு விஷயம்... எந்த ஊர்லயும், எந்த வோல்டேஜ்லயும், எந்த மோட்டார்லயும் ஓடும்!

அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்ல உட்கார்ந்து அந்த மெயிலைத் திரும்ப எழுதிப் பார்த்தேன். ‘ஆன் த பென்ச்’. இது எங்கேங்கறதுக்கு. ‘அட் 230 வோல்ட்ஸ்’. இது எந்த நிலைமையிலங்கறதுக்கு. ‘ஃபார் டென் மினிட்ஸ் ஈச்’. எவ்வளவு நேரம். ‘வித் எ பல்ப் இன் ப்ளேஸ் ஆஃப் த மோட்டார்’. எதை வெச்சு. நாலு வால்! ஸ்கூல் புக்ல இதுக்கு ‘அட்வெர்பியல் ஃப்ரேஸ்’னு பேரு. தமிழ் ஐயா ‘வினையடை’ன்னு சொல்லிக் குடுத்தாரே, அதோட அண்ணன் தம்பி. ஒரு செயல் எங்க, எப்ப, எப்படி, எதுவரைக்கும் நடந்துச்சுன்னு சொல்றது. நாம அதை அஞ்சு மார்க் கேள்வியாப் படிச்சுட்டு, எக்ஸாம் ஹால்லயே விட்டுட்டு வந்துட்டோம்.

அந்த நாலு வாலும் மெயில்ல இருந்திருந்தா டீலர் என்ன பண்ணியிருப்பார்? ‘என்னம்மா, பல்பு வெச்சா பார்த்தீங்க? எங்க ஊர்ல 230 எங்கம்மா வருது?’ன்னு கேட்டிருப்பார். அந்த ஒரு கேள்வி போதும், மோட்டார் தப்பிச்சிருக்கும்.

இங்கிலீஷ்ல மட்டும் ஏன் நமக்கு வால் அறுந்து போகுது? நான் யோசிச்ச வரைக்கும் (பார்த்தீங்களா, தமிழ்ல எப்படித் தானா வருது!) ஒரு காரணம் பயம். சின்ன வாக்கியமா முடிச்சுட்டா தப்பு வராதுன்னு ஒரு நெனப்பு. நீட்டினா எங்க ‘இன்’ போடணும், எங்க ‘அட்’ போடணும்னு மாட்டிக்குவோம். ஃபுல் ஸ்டாப் வெச்சுட்டு ஓடிரலாம்.

இன்னொரு காரணம் பிளேஸ்மென்ட் டிரெய்னிங். ‘கான்ஃபிடன்ட்டா பேசு, மே பீ எல்லாம் சொல்லாதே’ன்னு சொல்லிச் சொல்லி, அளவாச் சொல்றதே பயந்தாங்கொள்ளித்தனம் மாதிரி ஆக்கிட்டாங்க. பதிலுக்கு நாம என்ன கத்துக்கிட்டோம்? ‘ஆக்சுவலி’, ‘பேஸிக்கலி’, ‘டெஃபனட்லி’. இதுவும் வால்தான். ஆனா ஒண்ணும் ஆட்டாத வால். ‘பேஸிக்கலி ஐ யம் ஃப்ரம் ஈரோடு’ன்னா என்ன அர்த்தம் மச்சி? அட்வான்ஸ்டா எந்த ஊரு? ‘அஸ் ஃபார் அஸ் ஐ நோ’ங்கறதும் ‘பேஸிக்கலி’ங்கறதும் ஒண்ணு கிடையாது. முன்னது என் அறிவோட வேலி எங்க இருக்குன்னு காட்டுது. பின்னது மூச்சு வாங்கிக்கறதுக்கு.

‘ஒரு பட்டறை மேட்டருக்கு இவ்வளவு பில்டப்பா?’ன்னு கேட்கிறவங்களுக்காக இன்னொரு சம்பவம். தாய்மொழியோட வால் இங்கிலீஷ்ல தப்பா ஒட்டிக்கிட்டா என்ன ஆகும்னு பார்க்க, இதை விடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரிஞ்சு இல்லை.

1977 மார்ச் 27. ஸ்பெயினோட கேனரி தீவுகள்ல டெனெரீஃப். லாஸ் ரோடியோஸ்ங்கற சின்ன ஏர்போர்ட், ஒரே ரன்வே, கண்ணு தெரியாத மூடுபனி. நெதர்லாந்தோட கே.எல்.எம். விமானம் ஒண்ணு ரன்வே முனையில நிக்குது. அமெரிக்காவோட பான் ஆம் விமானம் அதே ரன்வேயில ஊர்ந்து வந்துட்டிருக்கு. ரெண்டுமே போயிங் 747. கன்ட்ரோல் டவர்ல இருக்கறவர் ஸ்பெயின்காரர். டவருக்கு மூடுபனியில எதுவும் தெரியாது. காதுல விழறது மட்டும்தான் கணக்கு.

கே.எல்.எம். கோ-பைலட் ரேடியோவுல சொன்னது, பதிவுல கேட்கிற வரைக்கும், ‘வீ ஆர் நவ் அட் டேக்-ஆஃப்’. டவர்ல இருந்தவர் அதை ‘டேக்-ஆஃப் பண்ற இடத்துல தயாரா நிக்கறோம்’னு எடுத்துக்கிட்டார். ஆனா விமானம் அப்போ ஓட ஆரம்பிச்சிருந்துச்சு!

அந்த ‘அட்’ எங்கிருந்து வந்துச்சு? மொழியியல்காரங்க சொல்ற ஒரு விளக்கம் இது. டச்சு மொழியில ஒரு வேலையைச் செஞ்சுக்கிட்டே இருக்கோம்னு சொல்ல, ‘அட்’டுக்கு நிகரான ஒரு சின்னச் சொல்லைப் போட்டு, பின்னாடி வினைச்சொல்லை வைப்பாங்களாம். அதாவது அவர் டச்சுல யோசிச்சு, இங்கிலீஷ்ல பேசியிருக்கலாம். அவர் மனசுல ‘கிளம்பிட்டிருக்கோம்’. டவர் காதுல ‘கிளம்பற இடத்துல இருக்கோம்’. டவர் ‘ஓகே’ன்னுட்டு, கொஞ்சம் விட்டு, ‘டேக்-ஆஃபுக்குக் காத்திருங்க, நான் கூப்பிடறேன்’னு சொன்னார். அதே நொடியில பான் ஆம்காரங்க ‘நாங்க இன்னும் ரன்வேயிலதான் இருக்கோம்’னு பேச, ரெண்டு பேச்சும் மோதி கே.எல்.எம். காக்பிட்ல கீச்சுனு ஒரு சத்தம்தான் கேட்டுச்சு.

583 பேர் செத்துப் போனாங்க. விமான விபத்து வரலாற்றுல அதுதான் மிகப் பெரிசு.

காரணம் அந்த ‘அட்’ மட்டும் கிடையாது. பனி, அவசரம், ரேடியோ மோதல்னு பல விஷயம் சேர்ந்துச்சு. ஆனா அதுக்கப்புறம் வந்த மாற்றங்கள்ல ஒண்ணு இந்த வார்த்தையைப் பத்தினது. இப்போ ‘டேக்-ஆஃப்’ங்கற சொல்லை, கிளம்ப அனுமதி குடுக்கும்போதும் அதை ரத்து பண்ணும்போதும்தான் ரேடியோவுல பயன்படுத்தணும். மத்த நேரமெல்லாம் ‘டிபார்ச்சர்’.

சரி, நம்ம ஊர் வாலுக்கு வருவோம். டச்சுக்காரருக்கு ‘அட்’ மாதிரி நமக்கும் சில கண்ணிவெடிங்க இருக்கு.

முதல் வெடி ‘ஒன்லி’. என் ரூம்மேட் மினி பிராஜெக்ட் வைவாவுக்குப் போனா. டீம்ல நாலு பேர். கோடிங் முழுக்க இவதான், ராத்திரி ராத்திரியா முழிச்சு. எக்ஸ்டர்னல் ‘ஹூ டிட் த கோடிங்?’னு கேட்டார். இவ நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு, ‘ஐ ஒன்லி டிட் த கோடிங், சார்!’

எக்ஸ்டர்னல் காதுல விழுந்தது ‘நான் கோடிங் மட்டும்தான் பண்ணேன்’. ஹார்ட்வேர், ரிப்போர்ட் எதையும் தொடலை போலிருக்குன்னு குறிச்சுக்கிட்டு அடுத்த ஆள்கிட்டப் போயிட்டார். டீமுக்கு சமோசா வாங்கிட்டு வந்த பையனுக்கு இவளை விட நாலு மார்க் ஜாஸ்தி!

பிரச்னை என்னன்னா, தமிழ்ல நமக்கு ரெண்டு சொல் இருக்கு. ‘தான்’ ஒண்ணு, ‘மட்டும்’ ஒண்ணு. ‘நான்தான் பண்ணேன்’ வேற, ‘கோடிங் மட்டும் பண்ணேன்’ வேற. நாம ரெண்டையும் ‘ஒன்லி’ங்கற ஒரே டப்பாவுல கொட்டறோம். இங்கிலீஷ் ‘ஒன்லி’ பெரும்பாலும் நம்ம ‘மட்டும்’. அதுவும் இடம் மாறினா அர்த்தம் மாறும். ‘ஒன்லி ஐ டெஸ்டட் த போர்ட்’னா நான் ஒருத்தி மட்டும் டெஸ்ட் பண்ணேன். ‘ஐ டெஸ்டட் ஒன்லி த போர்ட்’னா போர்டை மட்டும், மோட்டாரை இல்லை. ‘ஐ ஒன்லி டெஸ்டட் த போர்ட்’னா, பேச்சுல எங்க அழுத்தம் குடுக்கறோம்ங்கறதைப் பொறுத்து, ‘டெஸ்ட் மட்டும்தான் பண்ணேன், உடைச்சது நான் இல்லை’ன்னு கூட ஆகலாம். என் ரூம்மேட் சொல்லியிருக்க வேண்டியது ‘ஐ டிட் ஆல் த கோடிங் மைசெல்ஃப்’. இப்போ அதைக் கண்ணாடியில ஒட்டி வெச்சிருக்கா.

ரெண்டாவது வெடி ‘வரைக்கும்’, ‘க்குள்ள’. ‘வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடறேன்’னு சொல்ல நம்ம பசங்க ‘வித்தின் ஃப்ரைடே’ன்னு எழுதுவாங்க. ‘வித்தின்’ நீளத்துக்குத்தான் சேரும்... வித்தின் டூ டேஸ், வித்தின் எ வீக். கிழமைன்னு வந்துட்டா ‘பை ஃப்ரைடே’. ‘அன்டில் ஃப்ரைடே’ன்னு எழுதினா இன்னும் விசேஷம். வெள்ளிக்கிழமை வரைக்கும் நிறுத்தாம குடுத்துக்கிட்டே இருக்கேன்னு ஆயிரும். வேடிக்கை என்னன்னா, தமிழ்ல நாம ‘க்குள்ள’வையும் ‘வரைக்கும்’மையும் ஒருநாளும் குழப்பிக்க மாட்டோம். ‘ரெண்டு நாள்ல வரேன்’ங்கறதுலதான் நம்ம தமிழே கொஞ்சம் கொழகொழ. ரெண்டு நாள் கழிச்சா, ரெண்டு நாளுக்குள்ளயான்னு கேட்டுத் தெரிஞ்சுக்கணும். இங்கிலீஷ்ல ‘இன் டூ டேஸ்’ வேற, ‘வித்தின் டூ டேஸ்’ வேற.

இதுல நானும் ஒருதடவை மாட்டினேன். ‘ஆன் லீவ் டில் மண்டே’ன்னு லெட்டர் எழுதிட்டு ஊருக்குப் போயிட்டேன். நம்ம ‘திங்கக்கிழமை வரைக்கும் லீவு’ல திங்கக்கிழமையும் சேர்த்தி. இங்கிலீஷ்ல அதைப் படிச்சவங்க, திங்கக்கிழமை வந்துருவான்னு எடுத்துக்கிட்டாங்க. ஒரு நாள் ஆப்சென்ட். ‘டில் மண்டே, இன்க்ளூசிவ்’னு ஒரு வார்த்தை போட்டிருந்தா போதும்.

இப்படி ஒவ்வொண்ணுக்கும் வால் ஒட்டிக்கிட்டே போனா எல்லாரும் வக்கீல் நோட்டீஸ் மாதிரிப் பேச வேண்டியதுதானான்னு என் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. இதுக்கு எனக்குப் பிடிச்ச பதில், பருவநிலை மாற்றத்தைப் பத்தி ஐ.நா. சார்புல அறிக்கை விடற ஐ.பி.சி.சி. விஞ்ஞானிகள்கிட்ட இருக்கு. அவங்க ‘லைக்லி’, ‘வெரி லைக்லி’ன்னு சும்மா வாய்க்கு வந்தபடி போட மாட்டாங்க. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் வெச்சிருக்காங்க. ‘லைக்லி’ன்னா 66 சதவீதத்துக்கு மேல வாய்ப்பு. ‘வெரி லைக்லி’ன்னா 90-க்கு மேல. ‘எக்ஸ்ட்ரீம்லி லைக்லி’ன்னா 95-க்கு மேல.

பூமி சூடாகறதுக்கு முக்கியமா மனுஷங்கதான் காரணமாங்கற கேள்விக்கு, 2001 அறிக்கையில ‘லைக்லி’. 2007-ல ‘வெரி லைக்லி’. 2013-ல ‘எக்ஸ்ட்ரீம்லி லைக்லி’. 2021-ல வாலையே வெட்டிட்டாங்க. மனுஷங்களால பூமி சூடாகியிருக்குங்கறதுல சந்தேகத்துக்கே இடமில்லைன்னு எழுதினாங்க. ஆதாரம் சேரச் சேர, இருபது வருஷம் ஒவ்வொரு படியா ஏறி வந்து சொன்னதால அந்தக் கடைசி வாக்கியத்துக்கு ஒரு கனம் இருக்கு. 2001-லயே ‘கான்ஃபிடன்ட்டா’ அடிச்சு விட்டிருந்தா அந்த கனம் வந்திருக்குமா?

நான் எழுதின ‘வொர்க்கிங் ஃபைன்’, 2001-லயே 2021 வாக்கியத்தை எழுதின கதைதான்.

பட்டறையில அப்புறம் என்னாச்சுன்னு சொல்லிடறேன். அண்ணன் பழைய இரும்புக்கடையில இருந்து ஒரு டிம்மர்ஸ்டாட் வாங்கிட்டு வந்தார். வோல்டேஜைக் கையால திருகி ஏத்தி இறக்கற பொட்டி. பல்பைக் கழட்டிட்டு நிஜ மோட்டாரை மாட்டி, 230-ல இருந்து பத்துப் பத்தா இறக்கிக்கிட்டே வந்தோம். 190 வரைக்கும் சமத்தா கிளம்புச்சு. 180-ல ரிலே துடிக்க ஆரம்பிச்சது. டக் டக் டக். அக்காக்கள் ரெண்டு பேரும் ரேடியோவை நிறுத்திட்டு அதையே பார்த்துட்டு நின்னாங்க.

அன்னிக்கு சாயந்திரம் டீலருக்கு மெயில் போட்டேன். நாங்க டெஸ்ட் பண்ண போர்டுகள், நிஜ மோட்டாரோட, அரை மணி நேரம், ‘டவுன் டு 190 வோல்ட்ஸ்’ ஓடுது, அதுக்குக் கீழே ஸ்டார்ட் ஆகும்போது ரிலே துடிக்குது, ‘ஸோ ஃபார்’ எங்களுக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்னு. அனுப்பறதுக்கு முன்னாடி அண்ணன்கிட்டக் காட்டினேன். ‘இப்படி எழுதினா நம்ம சரக்கு மட்டம்னு நெனைக்க மாட்டாராங்கண்ணா?’ன்னு கேட்டேன். “நெனச்சா நெனச்சுட்டுப் போறாரு. அனுப்பு அம்மிணி”ன்னார்.

பத்து நிமிஷத்துல பதில் வந்துச்சு. அவர்கிட்ட இருந்து அதுவரைக்கும் ‘ஓகே’, ‘ரிசீவ்ட்’ தவிர வேற எதுவுமே வந்தது கிடையாது. இந்தத் தடவை கேள்வியா வந்துச்சு. எங்க ஊர்ல சாயந்திரம் 160 தான் இருக்கும், டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துட்டு எஸ்.எம்.பி.எஸ். போட்டா தாங்குமா?

அண்ணன் மெயிலை ரெண்டு தடவை படிச்சுட்டு, “நாளைக்குக் காத்தால ஒண்ணு வாங்கிட்டு வரேன், மாட்டிப் பார்க்கலாம்”னு சொல்லிட்டு ஷட்டரை இறக்கினார்.